முந்திரி மரத்தடியில் ஒரு ‘வாங்க’

என் சொக்கனுக்கு,

நேற்றுச் சாயங்காலம் நீ போனில் மூச்சுவிடாமல் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, “சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டேன். பெற்ற ஆத்தாவுக்கு வயசாகிவிட்டது, வாய் அடங்கிவிட்டது என்று நீ நினைத்திருப்பாய். அப்படி ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. போனில் சொன்னால் குறுக்கே “சரி ஆத்தா, சரி ஆத்தா” என்பாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் பாதியிலேயே ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு எழுந்து போய்விடுவாய். அதனால்தான் தாளை எடுத்தேன். கூரியர்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுப்பார், வரவில்லை என்று நீ சொல்ல முடியாது. உங்கள் அப்பச்சி கடைக்குக் கிளம்பாமல் பக்கத்தில் நின்றுகொண்டு, “என்ன, மகனுக்குப் பரீட்சைப் பேப்பரா?” என்கிறார். அவர் கிடக்கிறார், நீ படி.

நீ சொன்னதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் நீ கோல்ஃப் கோச்சாக இருக்கிற பள்ளிக்கூடத்தில், பதினொன்றாம் வகுப்பில் தர்ஷினி என்று ஒரு பிள்ளை. உன் டீமில் அவள்தான் கெட்டி. போன வாரப் போட்டியில் அவள் பந்தைப் பார்த்து நிற்கும்போது, அவளுடைய அம்மா கயிற்றுக்கு வெளியே இருந்து, “இன்னும் கொஞ்சம் இடது பக்கம் திரும்பு பாப்பா” என்று சொல்லிவிட்டார். பிள்ளையும் திரும்பிவிட்டது. விளையாடுகிறவருக்கு வெளியில் இருந்து யாரும் யோசனை சொல்லக் கூடாது என்பது போட்டி விதி. தண்டனை கொடுத்துவிட்டார்கள், தர்ஷினி தோற்றுப் போனாள். ஆட்டம் முடிந்ததும் நீ அந்த அம்மாவிடம், மற்ற பெற்றோர்கள் எல்லாரும் நிற்கும்போது, “இனிமே நீங்க கிரவுண்டுக்கு வரக் கூடாது” என்று சொல்லிவிட்டாய். அன்றிலிருந்து தர்ஷினி பயிற்சிக்கு வரவில்லை. மட்டைகளைக்கூட எடுக்காமல் போய்விட்டாள். வருகிற சனிக்கிழமை உங்கள் மைதானத்திலேயே அடுத்த போட்டி. “விதின்னா விதிதான் ஆத்தா, நான் சொன்னதுல என்ன தப்பு?” என்று கேட்டாய். நீ கேட்டதுக்குத்தான் இந்தப் பதில்.

விதியைப் பற்றி எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. நீ கோல்ஃப் ஆடுகிறேன் என்று வந்து நின்ற நாளில் எனக்கு ஒன்றும் தெரியாதுதான். நாச்சியாபுரம் ரோட்டில் உன் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கிடந்த செம்மண் பொட்டலில், மலேயாவில் இருந்து திரும்பிய கரஸ்பாண்டன்ட் குழி தோண்டிக் கொடி நட்டபோது ஊரே சிரித்தது. டிவியில் பார்க்கிற கோல்ஃபில் பச்சைப் புல் கண்ணைப் பறிக்கும். நம் ஊரில் தண்ணீருக்கே லாரிக்காகக் காத்திருக்கும்போது புல்லுக்கு எங்கே போவது? குழியைச் சுற்றி எண்ணெய் கலந்த மணலைப் பரப்பி இறுக்கிவிட்டு, அதற்கும் கிரீன் என்றுதான் பெயர் சொன்னீர்கள். “பச்சையா ஒரு இலைகூட இல்ல, இதுக்குப் பேரு கிரீனா?” என்று அப்பச்சி கேட்டதற்கு, நீ மூன்று நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை.

அப்புறம் உங்கள் நசீமா டீச்சர் கோல்ஃப் சொல்லிக் கொடுக்க வந்து சேர்ந்தார். காரைக்குடிப் பிள்ளை. அவரைப் பெற்ற அத்தா துபாயில் ஒரு கோல்ஃப் கிளப்பில் புல்தரை பார்க்கும் வேலையில் இருந்ததால், சின்ன வயதிலேயே அங்கே ஆடிப் பழகியவர். அவர் வந்தால் பந்தை எப்படி அடிப்பது என்று சொல்லிக் கொடுப்பார் என்று நீ பறந்தாய். அவரோ உன் கையில் மட்டையே கொடுக்கவில்லை. ஒரு கட்டையில் சாக்கைக் கட்டிக் கொடுத்து, மணலில் கிடக்கிற கால் தடத்தை எல்லாம் இழுத்துச் சமன் செய்யச் சொன்னார். பின்னால் ஆட வருகிறவனுக்கு நீ அங்கே நடந்ததே தெரியக் கூடாதாம். அடுத்தவன் பந்துக்கும் குழிக்கும் நடுவே உன் நிழல் விழக் கூடாதாம். சாயங்கால வெயிலில் நிழல் பனைமர உயரத்துக்கு நீளும், நீங்கள் பிள்ளைகள் எல்லாரும் நிழலை எங்கே ஒளித்து வைப்பது என்று தெரியாமல் அங்குட்டும் இங்குட்டும் ஓடியதை ஒரு நாள் வேலி ஓரத்தில் நின்று பார்த்தேன். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “மட்டையே தொடாம கூட்டிப் பெருக்குறதுக்கா ஸ்கூலுக்கு அனுப்புறோம்?” என்று உன்னிடம் கேட்டேன். நீ மிகப் பெரிய மனுஷனாக, “இதுதான் ஆத்தா முதல் பாடம்” என்றாய்.

வீட்டில் நீ பண்ணிய கூத்தும் மறக்கவில்லை. நம் வீட்டுத் தாழ்வாரத் தரை, மழைத் தண்ணீர் வடியட்டும் என்று முற்றத்தைப் பார்த்துக் கொஞ்சம் சரிவாக இருக்கும். இத்தனை வருஷம் அதில் நடந்த எனக்கே அந்தச் சரிவு தெரியாது. நீ பந்தை உருட்டி உருட்டி, எந்தத் தூணுக்கு முன்னால் எவ்வளவு சரிவு என்று கண்டுபிடித்தாய். எவர்சில்வர் டம்ளரைப் படுக்க வைத்து அதுதான் குழி என்பாய். நான் அடுக்களையில் இருந்தால் ‘டங்’ என்று கேட்கும். கேட்காவிட்டால், பந்து முற்றத்துச் சாக்கடையில் விழுந்துவிட்டது, இப்போது சொக்கன் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். அந்த டம்ளரின் விளிம்பு நசுங்கிப் போனது. அப்பச்சி இன்றைக்கும் அதில்தான் காபி குடிக்கிறார். வேறு டம்ளரில் கொடுத்தால், “அது எங்க?” என்கிறார். நீ இல்லாத வீட்டில் அந்த டம்ளரைக் கழுவும்போது சில நாள் அந்த நசுங்கலை விரலால் தடவிப் பார்ப்பேன். சும்மா சொல்லி வைக்கிறேன்.

சரி, அந்தக் கதைக்கு வருவோம். நீயும் நானும் ஆயிரம் தடவை சிரித்த கதைதான். ஆனால் இந்தத் தடவை நீ கோச்சாக இருந்து கேட்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் உனக்கு ஒரு கோப்பைப் போட்டி. கொடைக்கானல் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்த ரோஷனுக்கும் உனக்கும் இறுதி ஆட்டம், நம் ஊர்ப் பொட்டலில். ஒருவனோடு ஒருவன் நேருக்கு நேர் மோதும் ஆட்டம். கடைசிக் குழிக்கு வரும்போது இருவரும் சமம். நீ உன் பந்தைப் போட்டு முடித்துவிட்டு ஓரமாக நிற்கிறாய். ரோஷனுடைய பந்து குழிக்கு முழங்கை தூரத்தில் கிடக்கிறது. அதைத் தட்டி உள்ளே விட்டால் அவனுக்கு வெற்றி. அவன் குனிந்து நிற்கிறான். ஊர் மொத்தமும் மூச்சுவிடவில்லை.

அந்த நேரத்தில்தான் அவனுடைய அம்மா வந்து சேர்ந்தார். கொடைக்கானலில் இருந்து விடியக் கிளம்பியவர், மகன் ஜெயிக்க வேண்டும் என்று பிள்ளையார்பட்டியில் இறங்கி அர்ச்சனை செய்துவிட்டு, நெற்றியில் திருநீறும் கையில் தேங்காய் மூடியுமாக ஓட்டமும் நடையுமாக வருகிறார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியூர்க்காரர், நம் ஊருக்கு வந்திருக்கிறார், நம் மண்ணில் கால் வைக்கிறார், ஒருத்தர்கூட முகம் கொடுக்கவில்லை. எனக்கு எப்படித் தாங்கும்? நம் வீடுகளில், வருகிறவரை ‘வாங்க’ என்று சொல்லாமல் விட்டால் அந்தப் பேச்சு அடுத்த கல்யாணம் வரைக்கும் ஓடும் என்பது உனக்குத் தெரியும். என் வாய் என்னைக் கேட்கவில்லை.

“வாங்க ஆச்சி, வாங்க! இப்பத்தான் வர்றீகளா?”

எனக்குக் கல்யாண வீட்டுக் குரல். பந்தல் முகப்பில் நின்றால் பந்திவரை கேட்கும். ரோஷனின் கை தடுமாறியது. பந்து குழியின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றது. அங்கே கூடியிருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அம்மா மட்டும், என்ன நடந்தது என்று தெரியாமல், “வாறேங்க, நல்லா இருக்கீங்களா?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெளியில் இருந்து சத்தம் வந்தது என்பதற்காக மறுபடி அடிக்க விதியில் இடம் இல்லை என்று நடுவர் சொல்லிவிட்டார். ரோஷன் இன்னொரு தட்டில் உள்ளே விட்டதால் அந்தக் குழி சமம் ஆனது. இன்னொரு குழி ஆட வேண்டும் என்று இருவரையும் முதல் குழிக்கு அடிக்கும் இடத்துக்குக் கூட்டிப் போனார்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான், மறைப்பானேன். பிள்ளையார் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டது என்று அப்பச்சியிடம் கிசுகிசுத்தேன். நீ உன் முறை வந்ததும் பந்தைக் கீழே வைக்கவே இல்லை. தொப்பியைக் கழற்றினாய், ரோஷனிடம் போய்க் கையை நீட்டினாய். ஆட்டத்தை விட்டுக் கொடுக்க ஆடுகிறவனுக்கு எப்போதும் உரிமை உண்டாம், அதுவும் விதிதானாம். கோப்பை கொடைக்கானலுக்குப் போய்விட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் காரில் நான் கத்தினேன். “கையில கிடைச்சதைத் தூக்கிக் குடுத்துட்டு வாறியே, நீ என்ன வள்ளலா?” என்றேன். நீ சன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாய். “நீங்க வாங்கன்னு சொன்னது தப்பில்ல ஆத்தா. அவன் போட முடியாம போனதும் அவன் தப்பில்ல. அவ்வளவு கிட்ட கிடந்த பந்து, அது அவன் போட வேண்டியதுதான். யாராச்சும் ஒருத்தர் விட்டுத்தான ஆகணும்.” அப்பச்சி வண்டி ஓட்டிக்கொண்டே கண்ணாடியில் உன்னைப் பார்த்தார். அன்றைக்கு அவர் வண்டியைக் கண்டனூர் வரைக்கும் கொண்டுபோய்த் திருப்பிக்கொண்டு வந்தார். வீடு தாண்டிப் போனதே அவருக்குத் தெரியவில்லை.

இது வரைக்கும்தான் நாம் விருந்தாளிகளிடம் சொல்வோம். இதற்கு அப்புறம் நடந்ததை நீ சொல்வதே இல்லை. திங்கள்கிழமை பள்ளிக்கூடத்தில் பையன்கள் உன்னை எங்கே பார்த்தாலும், என் குரலிலேயே, “வாங்க ஆச்சி, வாங்க!” என்று இழுத்தார்கள். வகுப்பில், சாப்பாட்டு அறையில், பஸ்ஸில். நீ ஆடப் போவதை நிறுத்தினாய். மட்டைகளைப் பரண் மேல் போட்டாய். என்ன என்று கேட்டதற்கு, தட்டில் இருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே, “இனிமே நீங்க கிரவுண்டுக்கு வர வேண்டாம் ஆத்தா” என்றாய்.

யோசித்துப் பார். ஒரு தாயிடம் ‘நீ வரக் கூடாது’ என்று நீ சொன்னது இது இரண்டாவது தடவை. முதல் தடவை கேட்டவள் நான். நீ கூட்டத்தில் வைத்துச் சொல்லவில்லை, குரலையும் உயர்த்தவில்லை, அப்படியும் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஊரையே வா வா என்று கூப்பிடுகிறவளை, அவள் பெற்ற பிள்ளையே வராதே என்றால் அவள் எங்கே போவாள்? நான் போகவில்லை. நான் வராவிட்டால் நீ சந்தோஷமாக ஆடப் போவாய் என்று நினைத்தேன். நீயும் போகவில்லை. அதுதான் விசேஷம். அம்மாவை ஒதுக்கிவிட்டு எந்தப் பிள்ளைக்கும் நிம்மதியாக மட்டையைத் தூக்க வராது. உன் தர்ஷினி ஏன் வரவில்லை என்று நீ என்னைக் கேட்டாயே, அதற்குப் பதில் தெரிந்த ஆள் நீதானப்பா.

அந்த வாரத்தில் ஒரு நாள் நசீமா டீச்சர் வீட்டுக்கு வந்தார். உன்னைப் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து, “அவன் மாடியில இருக்கான் டீச்சர்” என்றேன். “நான் உங்களைப் பாக்கத்தான் வந்தேன் ஆச்சி” என்றார். காபி கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு, “சனிக்கிழமை மதுரையில இருந்து ஒரு ஸ்கூல் வருது. நீங்க வந்து நிக்கணும். எனக்கு ஆள் வேணும்” என்றார்.

“நான் எதுக்கு டீச்சர்? வந்தா என் வாய் சும்மா இருக்காது, தெரியும்ல.”

“அந்த வாய்தான் எனக்கு வேணும். கிரவுண்டுக்குள்ள வேணாம். வெளியில கேட் ஓரத்துல முந்திரி மரம் நிக்குதுல்ல, அங்குட்டு நில்லுங்க. வாறவுக எல்லாரையும் நீங்க வாங்கன்னு கூப்பிடுங்க. தண்ணி குடுங்க, எந்த ஊரு, என்ன உறவுன்னு விசாரிங்க, பேச வேண்டியதை எல்லாம் அங்கேயே பேசி முடிச்சு விடுங்க. உள்ள வரும்போது ஒருத்தர் வாயிலயும் பேச்சு மிச்சம் இருக்கக் கூடாது. இதைச் செய்ய இந்த ஊர்ல உங்களை விட்டா ஆள் இல்ல.”

அவர் என்னைச் சமாதானப்படுத்த வந்த மாதிரி ஒரு வார்த்தை பேசவில்லை. உண்மையாகவே ஆள் தேவைப்பட்டுக் கேட்ட மாதிரிதான் கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, இன்னொரு காபி போடுகிறேன் என்று அடுக்களைக்குள் போய்விட்டேன். இன்றைக்கும் சொல்கிறேன், நான் அன்றைக்கு வாங்க என்று சொன்னது தப்பு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இடம்தான் மாறிப்போனது. நசீமா டீச்சர் அந்த வார்த்தைக்கு ஓர் இடம் பார்த்துக் கொடுத்தார், அவ்வளவுதான்.

சனிக்கிழமை பானையில் தண்ணீர், ஒரு தூக்கு நிறையப் பூரணம் வைத்துச் சுட்ட சீயம், இரண்டு பெஞ்சு என்று முந்திரி மரத்தடியில் கடை விரித்துவிட்டேன். வந்தவர்கள் எல்லாரும் என்னிடம் மாட்டிக்கொண்டு, மதுரையில் வீட்டு வாடகை வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். டீம் பிள்ளைகளும் வந்தார்கள். என் குரலில் கத்திக் கத்தி உன்னைக் கேலி செய்தவர்கள், சீயத்தை வாயில் அடைத்துக்கொண்டு இன்னொன்றுக்குக் கை நீட்டினார்கள். கடைசியாக நீ வந்தாய். டீச்சர் உன்னை எப்படிக் கிளப்பினார் என்று எனக்குத் தெரியாது. தலையைத் தூக்காமல் என்னைத் தாண்டிப் போகப் பார்த்தாய். “வாங்க தம்பி, வாங்க! எந்த ஊரு நீங்க?” என்றேன். நீ நின்றாய். எவ்வளவு அடக்கியும் உன்னால் முடியவில்லை, சிரித்துவிட்டாய். “இந்த ஊருதான் ஆச்சி, தண்ணி கிடைக்குமா?” என்றாய். அந்த டம்ளர் தண்ணீரை நீ அண்ணாந்து குடித்தது இப்போதும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

எல்லாரும் உள்ளே போன பிறகு நானும் போய்க் கயிற்று ஓரத்தில் நின்றேன். எனக்கும் பேசுவதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை. நீ குனிந்து உருட்டினாய். பந்து மணலில் ஓடி, குழிக்குள் விழுந்து, அடியில் முட்டியது. அந்தச் சத்தத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். வருஷக்கணக்கில் வந்து நின்றிருக்கிறேன், அதுவரை என் பேச்சில் அது எனக்குக் கேட்டதே இல்லை. நம் தாழ்வாரத்து டம்ளர் சத்தம் போலவே இருந்தது.

போன மாதம் நசீமா டீச்சரைக் கடைவீதியில் பார்த்தேன். தலை ஓரத்தில் நரை விட்டிருக்கிறது. இப்போதும் அந்த முந்திரி மரத்தடியில், போட்டி நாளில் பெற்றோர் யாராவது ஒருவர் தண்ணீர்ப் பானையோடு நிற்கிறார்களாம். யார் அதிகமாகப் பேசுகிறார்களோ அவர்களைத்தான் பிடித்து நிறுத்துகிறாராம். “சொக்கன் எப்படி இருக்கான்? பிள்ளைகளுக்கு நல்லாச் சொல்லிக் குடுக்கிறானா?” என்று கேட்டார். “அதெல்லாம் நல்லாச் சொல்லிக் குடுக்கிறான்” என்று வாய் நிறையச் சொல்லிவிட்டு வந்தேன். நேற்று உன் போன் வந்தபோது எனக்கு முதலில் அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

தர்ஷினியின் அம்மா செய்தது ஆட்டத்தில் குற்றம். அதற்கு உண்டான தண்டனையை விதியே கொடுத்துவிட்டது. அதற்கு மேல் நீ கொடுத்தாயே ஒன்று, அது எந்த விதியிலும் இல்லை. மணலில் ஒருத்தர் கால் தடம் விழுந்தால் சாக்கை இழுத்துச் சமன் செய்யத்தான் உனக்கு முதல் பாடம் சொன்னார்கள், நடந்தவரைத் துரத்தச் சொல்லவில்லை. அந்த அம்மாவுக்கு மகளைப் பார்த்தால் வாய் நிற்காது. எனக்கு ஊரைப் பார்த்தால் நிற்காது. எங்களை எல்லாம் வெளியே தள்ளிவிட்டு நீ யாருக்குக் கோச்சாக இருக்கப் போகிறாய்?

உங்கள் மைதானத்தில் முந்திரி மரம் இருக்காது, வேறு ஏதாவது மரம் இருக்கும். நீயே அவர்கள் வீட்டுக்குப் போ. போனில் பேசாதே. மகளைக் கூப்பிட வந்தேன் என்று சொல்லாதே, அம்மாவைக் கூப்பிட வந்தேன் என்று சொல். மரத்தடியில் நின்று வருகிறவர்களை வாங்க என்று கூப்பிட எனக்கு ஆள் வேண்டும் என்று கேள். அவர்கள் காபி கொடுத்தால் குடி, எனக்கு வேண்டாம் என்று உன் வழக்கப்படி எழுந்துவிடாதே. முகத்தைத் திருப்பிக்கொண்டால் மறுநாளும் போ. பிள்ளை தானாக வரும், அதை நீ கூப்பிடவே வேண்டாம்.

நானும் அப்பச்சியும் வெள்ளிக்கிழமை பஸ் ஏறுகிறோம். உன்னிடம் கேட்டுக்கொண்டு வருவது இல்லை, டிக்கெட் போட்டாகிவிட்டது. சீயம் செய்து எடுத்து வருகிறேன், அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான். சனிக்கிழமை காலையில் உன் மைதானத்து கேட்டுக்கு வெளியே வந்து நிற்பேன். யாரும் வாங்க என்று சொல்லாத இடத்துக்குள் நான் இதுவரை கால் வைத்தது இல்லை, அது உனக்குத் தெரியும். நீ ஓடி வந்து கூப்பிட்டாலும் வர மாட்டேன். தர்ஷினியின் அம்மா கூப்பிட வேண்டும்.

உன் ஆத்தா